வாக்கியத்துக்குச் சான்றா, சான்றுக்கு வாக்கியமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுதத் தொடங்கிய மலேசிய வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. அரசியல் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி (செந்தூல்): ஓர் அரசியல்வாதியைப் பற்றிய கட்டுரையில் "இந்தியர்களுக்கு ஒதுக்கிய நிதியை இவர் முறைகேடாகப் பயன்படுத்தினார்" என்று ஒரு வரி சேர்த்தேன். தமிழ் நாளிதழ்ச் செய்தியைச் சான்றாகக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். சான்று இருந்தும் ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய நறுக்கைப் படித்தோம். தலைப்பு "நிதி முறைகேடு!" என்கிறது. செய்தியின் உள்ளே இருப்பது வேறு: முறைகேடு நடந்ததாக எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில் குற்றஞ்சாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் அந்தச் செய்தி "குற்றஞ்சாட்டினார்" என்பதற்குச் சான்று. "பயன்படுத்தினார்" என்பதற்குச் சான்றே அல்ல. தலைப்பைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதைப் பெரும்பாலும் செய்தியாளர் எழுதுவதில்லை. இடத்துக்கும் விற்பனைக்கும் தக்கபடி அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்கும் துணையாசிரியர் வைப்பது அது.

புதியவர்களில் பலர் மனத்தில் ஒரு வாக்கியத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான செய்தியைத் தேடப் போகிறார்கள். வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். செய்தியை முழுதும் படித்து, அதில் உள்ள அளவுக்கே வாக்கியத்தை அமைக்க வேண்டும். உங்கள் வரி இப்படி மாறும்: இன்ன தேதியில், இன்ன கட்சியைச் சேர்ந்த இன்னார், இன்னது நடந்ததாகக் குற்றஞ்சாட்டினார், அதற்கு இவர் இன்ன பதில் அளித்தார். பதில் அதே செய்தியில் இல்லையென்றால் அடுத்த இரண்டு மூன்று நாள் நாளிதழ்களில் தேடுங்கள். மறுப்பு பெரும்பாலும் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில் வரும்.

இப்படித் திருத்திய பிறகும் அந்த வரி நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. உயிரோடு இருப்பவரைப் பற்றிய பாதகமான செய்தி என்றால் விக்கிப்பீடியாவில் விதி கடுமை. சான்று வலுவில்லை என்று தோன்றினால் முதலில் நீக்குவார்கள், பிறகுதான் பேச்சு. நிரூபிக்கும் பொறுப்பு சேர்த்தவருடையது, நீக்கியவருடையது அல்ல. ஒரே நாளிதழில், ஒரே நாளில், ஒரே ஆள் சொன்ன குற்றச்சாட்டு என்றால் காத்திருப்பதே மேல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊடகங்கள் எழுதட்டும், அல்லது விசாரணை தொடங்கட்டும்.

நீக்கியதை உடனே மீண்டும் சேர்க்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைத்தால் கணக்கைத் தடை செய்யலாம். எண்ணிக்கை மூன்றைத் தொடாவிட்டாலும், மாறி மாறி மாற்றும் "தொகுத்தல் போர்" என்று கருதப்படலாம். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், நீக்கியவர் எழுதிய தொகுப்புச் சுருக்கத்தைப் பாருங்கள். காரணம் அநேகமாக அங்கேயே இருக்கும். இல்லையென்றால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: நீங்கள் சேர்க்க விரும்பும் வாக்கியம், செய்தியில் அதற்கு ஆதாரமான வரிகள், நாளிதழின் பெயரும் தேதியும். பிறகு சில நாள் பொறுங்கள். தமிழில் தொகுப்போர் குறைவு, எல்லாரும் தன்னார்வலர்கள். மறுநாளே பதில் வரவில்லை என்றால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

வினைச்சொல்லையும் பாருங்கள். நம் நாளிதழ்களில் தலைவர்கள் சாதாரணமாகப் பேசுவதில்லை: சாடுவார்கள், கொதிப்பார்கள், முழங்குவார்கள். இவற்றை அப்படியே கலைக்களஞ்சியத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். "அம்பலப்படுத்தினார்" என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நாமே தீர்ப்பளித்தாயிற்று. "ஒப்புக்கொண்டார்" என்றால் குற்றம் இருந்தது என்று பொருள். கூறினார், தெரிவித்தார், குற்றஞ்சாட்டினார், மறுத்தார் ஆகிய நான்கும் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது "கூறப்படுகிறது". யார் கூறினார் என்று தெரியாதபோது தமிழில் ஒளிந்துகொள்ள இதைப்போல் வசதியான சொல் இல்லை. உங்கள் வரியில் அது வந்தால், கூறியவரின் பெயரை அந்த இடத்தில் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வரியையே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பிறை): 2018 பொதுத்தேர்தலில் பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) 47 இடங்கள் வென்றது என்று இருந்ததை, தேர்தல் ஆணையத்தின் கணக்கைப் பார்த்து 104 என்று திருத்தினேன். பழையபடி மாற்றிவிட்டார்கள். ஆணையத்தைவிடப் பெரிய சான்று உண்டா?

பதில்: இரண்டு எண்ணும் சரி. அதுதான் சிக்கல்.

2018 மே 9 தேர்தலின்போது பிகேஆர், ஜசெக (ஜனநாயகச் செயல் கட்சி), பெர்சத்து, அமானா சேர்ந்த பக்கத்தான் ஹராப்பான் ஒரே சின்னத்தில் நிற்கும் பதிவு பெற்ற கூட்டணியாக இல்லை. அதனால் தீபகற்பத்தில் நான்கு கட்சிகளும் பிகேஆர் சின்னத்தில் நின்றன. சபா, சரவாக்கில் ஜசெக தன் ராக்கெட் சின்னத்தில் வென்ற 9 இடங்கள் தனி. ஆணையம் சின்னத்தைப் பார்த்து எண்ணுகிறது: பிகேஆர் 104, ஜசெக 9, ஆக 113. வென்றவர் எந்தக் கட்சி உறுப்பினர் என்று பார்த்தால் பிகேஆர் 47, ஜசெக 42, பெர்சத்து 13, அமானா 11. கூட்டிப் பாருங்கள், அதுவும் 113. தோழமைக் கட்சியான வாரிசானின் 8 இடங்களைச் சேர்த்தால் 121. அதனால்தான் ஒரு நாளிதழில் 113, இன்னொன்றில் 121. மொத்தம் 222 இடங்களில் பெரும்பான்மைக்கு 112 தேவை என்பதால் எந்தக் கணக்கிலும் ஆட்சி மாற்றம் மாறவில்லை. ஆனால் கட்டுரையில் ஒரு வரியில் 113, அடுத்த பத்தியில் 121 என்று விளக்கமில்லாமல் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

ஆணையத்தின் அட்டவணை, நாடாளுமன்ற அறிக்கை, அரசிதழ் எல்லாம் மூல ஆவணங்கள். எண்ணை அவை சரியாகத் தரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லாது. பொருள் சொல்ல நாளிதழ்க் கட்டுரையோ ஆய்வு நூலோ பக்கத்தில் வேண்டும். நீங்கள் "பிகேஆர் சின்னத்தில் 104 இடங்கள்" என்று எழுதியிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

தொகுதிகளிலும் இதே போன்ற தவறு நடக்கிறது. நாடாளுமன்றத் தொகுதிக்குப் "பி", சட்டமன்றத் தொகுதிக்கு "என்" என்று முன்னெழுத்து உண்டு. பினாங்கில் 13 "பி", 40 "என்". கோலாலம்பூரில் 11 "பி" மட்டுமே. கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. ஆகவே யாரையாவது "கோலாலம்பூர் சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுதியிருந்தால் சான்றைத் தேடவே வேண்டாம், அது பிழை. உங்கள் பிறை சட்டமன்றத் தொகுதி. 2008-இல் ஜசெகவின் பி. இராமசாமி பிறையில் சட்டமன்றத்துக்கும் பத்து காவானில் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்வானார். ஒரு தொகுதியின் வாக்கு எண்ணிக்கையை இன்னொன்றின் வரிசையில் போட்டுவிட இப்படிப்பட்ட இடங்களில் வாய்ப்பு அதிகம். தொகுதிப் பெயரோடு எண்ணையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): 2020-இல் வந்தது "கொல்லைப்புற அரசு" என்று நாடே சொன்னது. அதை எழுதினால் நடுநிலை இல்லை என்கிறார்கள். நடந்ததைத்தானே எழுதுகிறோம்?

பதில்: நடந்தது இது: 2020 பிப்ரவரி 24 அன்று பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் 1 அன்று முகைதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். இடையில் பொதுத்தேர்தல் நடக்கவில்லை. மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரை மாமன்னர் பிரதமராக நியமிக்க அரசமைப்பின் 43-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் அப்போது இல்லை. அது நடப்புக்கு வந்தது 2022 அக்டோபர் 5 அன்றுதான்.

இவற்றைத் தேதியோடு அடுக்கிவிட்டால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. "கொல்லைப்புற அரசு" என்பது எதிர்த்தரப்பு சூட்டிய பெயர். "எதிர்க்கட்சியினர் இதைக் கொல்லைப்புற அரசு என்று அழைத்தனர்" என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். அந்தச் சொல் வரலாற்றின் ஒரு பகுதியாகிவிட்டது. அதைக் கட்டுரையின் சொந்தக் குரலில் சொல்வதுதான் தவறு. "சட்டவிரோதமாக ஆட்சியைப் பிடித்தனர்" என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. அப்படி எந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): எந்தப் பத்திரிகையை நம்பலாம்? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்சி இருக்கிறதே.

பதில்: இருக்கிறது, மறைப்பதற்கில்லை. தி ஸ்டார் நாளிதழ் மசீசவின் (மலேசிய சீனர் சங்கம்) பங்குடைமையில் உள்ளது. பெர்னாமா அரசின் செய்தி நிறுவனம். 1999-இல் தொடங்கிய மலேசியாகினி செய்தித் தளம் சந்தா கட்டினால்தான் முழுதும் திறக்கும். இதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. சந்தாச் சுவர் இருப்பதும் தடையில்லை. சான்று பொதுவில் கிடைத்தால் போதும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கட்சியோடு தொடர்புள்ள நாளிதழை அந்தக் கட்சியின் மாநாட்டுத் தேதிக்கும் தீர்மானத்துக்கும் தாராளமாகக் காட்டலாம். எதிர்க்கட்சியின் குறையைச் சொல்ல அதையே ஒற்றைச் சான்றாக நிறுத்தக் கூடாது.

எங்கள் அனுபவத்தில் உடைமையைவிட அதிகம் ஏமாற்றுவது நகல். மூன்று நாளிதழ்களைச் சான்று காட்டியிருப்பார்கள். மூன்றிலும் செய்தியின் முதலிலோ கடைசியிலோ "பெர்னாமா" என்று இருக்கும். அது மூன்று சான்று அல்ல, ஒன்று. கட்சி அனுப்பிய பத்திரிகை அறிக்கையை வார்த்தை மாறாமல் போடுவதும் அப்படித்தான். இரண்டு செய்திகளை அருகருகே வைத்து இரண்டாம் பத்தியை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கருத்துப் பத்தி என்றால் அதை எழுதியவரின் கருத்துக்கு மட்டுமே சான்று.

சான்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். மலாய், ஆங்கிலம், சீனம் எதுவும் செல்லும். மொழியைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): என் தந்தை சேர்த்து வைத்த பழைய தமிழ் நாளிதழ் நறுக்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இணைய முகவரி இல்லாததால் பயன்படாதா?

பதில்: தாராளமாகப் பயன்படும். அச்சுச் சான்றுக்கு இணைப்பு தேவையில்லை. ஆனால் நறுக்கில் தேதியும் பக்கமும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அவை இல்லாமல் வேறொருவர் சரிபார்க்க முடியாது. நாளிதழின் பெயர், தேதி, பக்க எண், தலைப்பு, எழுதியவர் பெயர் இருந்தால் அதுவும், இவ்வளவும் தேவை. தேதி இல்லாத நறுக்கைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். விளம்பரத்திலோ திரைப்படக் காட்சி நேரத்திலோ நாள் இருக்கும். அது குத்துமதிப்புக்குத்தான், பிறகு கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்பைக் கேட்டு உறுதி செய்யுங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதன் இணையப் பக்கத்தை நம்பிச் சான்று கொடுத்திருந்தவர்களுக்கு இப்போது அச்சுப் பிரதிதான் கதி.

சுதந்திரத்துக்கு முந்தைய செய்திகளுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தைப் பாருங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது, மலாயாச் செய்திகள் ஏராளம். ஒரு நுணுக்கம்: தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஒன்றும் வராது. அன்று "சுங்கை" (Sungai) அல்ல "சுங்கெய்" (Sungei), "பெராய்" (Perai) அல்ல "பிராய்" (Prai). தமிழர் பெயர்களை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

படத்தை அப்படியே பதிவேற்ற வேண்டாம். பதிப்புரிமை நாளிதழுடையது. விவரம் போதும்.

இணையச் செய்தி என்றால் கெட்டுப்போவது இன்னும் வேகம். தி மலேசியன் இன்சைடர் செய்தித் தளம் 2016 மார்ச்சில் மூடப்பட்டபோது அதைச் சான்றாகக் கொண்ட இணைப்புகள் ஒரே நாளில் அநாதையாயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியை இட்டால் பல பக்கங்கள் கிடைக்கும். கிடைத்த பிரதியின் முகவரியைப் பழைய முகவரியின் பக்கத்தில் சேருங்கள், பழையதை அழிக்காதீர்கள். இனிமேல் நீங்கள் காட்டும் ஒவ்வொரு செய்தியையும் சேர்க்கும்போதே அங்கே சேமித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

முகவரியை ஒட்டினால் மேற்கோளைத் தானாக நிரப்பும் வசதி இருக்கிறது. நேரம் மிச்சம்தான், ஆனால் அப்படியே விடாதீர்கள். நம் நாட்டுத் தளங்களில் அது அடிக்கடி எழுதியவர் பெயரின் இடத்தில் தளத்தின் பெயரைப் போடும், வெளியான தேதியை விட்டுவிடும்.

கேள்வி (கெப்போங்): மலேசியாவில் இந்தியர் 6.7 விழுக்காடு என்று எழுதினேன். அதற்கும் "சான்றில் இல்லை" என்று குறி போட்டார்கள்!

பதில்: நீங்கள் எழுதியது "மலேசிய மக்கள்தொகையில் 6.7 விழுக்காடு". 2020 கணக்கெடுப்பு சொல்வது "குடிமக்களில் 6.7 விழுக்காடு". மொத்த மக்கள்தொகை 32.4 மில்லியன், குடிமக்கள் 29.8 மில்லியன். உங்கள் வாக்கியத்தை நம்பிக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்கள் புதிதாகப் பிறந்துவிடுவார்கள். "இந்தியர்" என்பதைத் "தமிழர்" என்று மாற்றாமலும் இருங்கள். அந்த வகைக்குள் தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் எல்லாரும் இருக்கிறார்கள்.

2010-இல் 7.3, 2020-இல் 6.7 என்று இரண்டு கணக்கெடுப்பையும் காட்டி, குறைந்திருக்கிறது என்று எழுதலாம். "அரசின் புறக்கணிப்பால் குறைந்தது" என்று எழுத வேண்டுமானால், அந்தக் காரணத்தைச் சொல்லும் ஆய்வு தனியாக வேண்டும். இரண்டு சான்றுகளை ஒட்டி, இரண்டிலும் இல்லாத மூன்றாவது முடிவை நாமே செய்யக் கூடாது. அரசியல் கட்டுரைகளில் அதிகம் நீக்கப்படுவது இந்த வகை வரிகள்தான்.

கேள்வி (ஜெலுத்தோங்): வழக்குகளைப் பற்றி எழுதும்போது என்ன கவனம் தேவை?

பதில்: படிநிலையைக் குழப்பாதீர்கள். விசாரிக்கப்பட்டார், கைதானார், குற்றஞ்சாட்டப்பட்டார், குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு செய்திகள். விடுதலையிலும் இரண்டு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆம் பிரிவின்படி அரசுத் தரப்பு வழக்கைத் தொடராதபோது நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கலாம். முழு விடுதலை என்று நீதிமன்றம் சொன்னாலொழிய அது நிரபராதி என்ற தீர்ப்பு ஆகாது, அதே குற்றச்சாட்டு திரும்பவும் வரலாம். தமிழ்ச் செய்திகளில் இரண்டுக்கும் "விடுதலை" என்றே போட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் ஆங்கில, மலாய்ச் செய்தியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

அடுத்தது காலம். எஸ்ஆர்சி நிறுவன நிதி முறைகேட்டு வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குக்கு 2020 ஜூலை 28 அன்று உயர்நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பு வாரியம் அதை 6 ஆண்டாகவும் 50 மில்லியனாகவும் குறைத்தது 2024 பிப்ரவரி 2 அன்று அறிவிக்கப்பட்டது. "12 ஆண்டு" என்ற வரிக்கும் "6 ஆண்டு" என்ற வரிக்கும் அசைக்க முடியாத சான்று உண்டு. தேதி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். "தற்போது", "அண்மையில்", "இன்றுவரை" ஆகிய சொற்களை விட்டுவிட்டு நாளைப் போடுங்கள்.

கேள்வி (சிகாம்புட்): தலைவரின் முகநூல் நேரலை, வாட்ஸ்அப்பில் வந்த கடிதம், செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த பதில், இவற்றில் எது செல்லும்?

பதில்: முதலாவது, ஓரளவு. அவருடைய உறுதி செய்யப்பட்ட கணக்கு என்றால் அவர் தம்மைப் பற்றியோ தம் நிலைப்பாடு பற்றியோ சொன்னதற்குச் சான்று. பிறரைப் பற்றிச் சொன்னதற்கு அல்ல. வாட்ஸ்அப் கடிதம் செல்லாது, முத்திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும். செயலியின் பதிலும் செல்லாது. அது தரும் தலைப்பும் தேதியும் உண்மைபோலவே இருக்கும், தேடினால் அப்படியொரு செய்தியே வந்திருக்காது. விக்கிப்பீடியாவின் இன்னொரு கட்டுரையும் சான்றாகாது. அங்கே காட்டப்பட்ட செய்தியை நீங்களே திறந்து படித்துவிட்டு அதைக் காட்டுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): நான் ஒரு கட்சிக் கிளையின் செயலாளர். எங்கள் கட்சிக் கட்டுரையில் பிழைகள் இருக்கின்றன. நானே திருத்தலாமா?

பதில்: பேச்சுப் பக்கத்தில் உங்கள் பொறுப்பைச் சொல்லி, எந்த வரி தவறு, சரியானது எது, சான்று எது என்று எழுதி வையுங்கள், வேறொருவர் மாற்றட்டும். இதற்காகக் கட்சி உங்களுக்குச் சம்பளம் தருகிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. கட்டுரைத் தலைப்பில் டத்தோ, டான் ஸ்ரீ, மாண்புமிகு போன்ற பட்டம், அடைமொழி எதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். விருது பெற்ற ஆண்டும் வழங்கிய மாநிலமும் உள்ளே ஒரு வரியாக, சான்றோடு வரலாம்.